சாய்ந்த சதுரமும் பாஸ்கரரின் சினமும்

லீலாவதி என்றதும், நாழிகை வட்டிலில் விழுந்த முத்தினால் மணப்பொழுது தவறிய பெண்ணின் கதையே பலர்க்கும் நினைவுக்கு வரும். அக்பரின் அவைப்புலவர் பைசி, 1587இல் அந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தபோது முன்னுரையில் தந்த கதை அது. கதைக்குப் பின்னே நிற்கும் நூலோ, இரண்டாம் பாஸ்கரர் தம் 36ஆம் அகவையில், கி.பி. 1150இல், வடமொழிச் செய்யுளில் யாத்த கணித நூலாகும். முன்னோர் மொழியும் உண்மையும் மாறுபட்ட இடத்தில் ஆசிரியர் எதன் பக்கம் நின்றார் என்பதை அதன் நாற்கரப் பகுதி காட்டுகின்றது.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தம் நாற்கரத்தின் பரப்பிற்கு ஒரு விதி வகுத்தது. நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியைக் கண்டு, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, எஞ்சிய நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் காணவேண்டும். நான்கு முனைகளும் ஒரு வட்டத்தின்மேல் அமையும் நாற்கரத்திற்கே இது பொருந்தும். அவ்வரம்பு விதியில் வெளிப்படக் கூறப்படவில்லை.

பாஸ்கரர் காட்டிய சான்று எளியது. ஓர் உருவத்தின் பக்கங்கள் நான்கும் 25. மூலைவிட்டங்கள் 30, 40 எனின் பரப்பு 600. 14, 48 எனின் 336. இரண்டும் சமமெனின் அது சதுரம், பரப்பு 625. பிரம்மகுப்தரின் விதியோ மூன்றிற்கும் 625 என்றே விடை தரும். நான்கு மூங்கிற் கழிகளை முனைகளிற் கட்டி ஒருபுறமாகத் தள்ளிப் பார்த்தால் காரணம் விளங்கும். கழிகளின் நீளம் மாறாது. உள்ளடங்கும் இடம் சுருங்கிக்கொண்டே செல்லும்.

ஆகவேதான் குத்துயரமோ மூலைவிட்டமோ கூறாது பரப்பை வினவுபவனைப் பேய் என்றும், விடை கூறப் புகுபவனை அவனினும் பெரும்பேய் என்றும் பாஸ்கரர் சினந்துரைத்தார். அவருக்கு முற்பட்ட இரண்டாம் ஆரியபட்டரும் இவ்வாறே கடிந்துள்ளார்.

வினாவைத் திருப்பினாலும் நிலை இதுவே. பரப்பு 600 என்று மட்டும் கூறி இணைகரத்தின் பக்கத்தைக் கேட்டால் விடையில்லை. குத்துயரம் 24 என்று சேர்த்துரைத்தால், 600ஐ 24ஆல் வகுக்க அடிப்பக்கம் 25 எனக் கிட்டும். சாய்ந்த பக்கம் அப்போதும் மறைந்தே நிற்கும். பக்கங்கள் நான்கும் சமம், ஒரு மூலைவிட்டம் 30 என்று தந்தாலோ முழு விடையும் வெளிப்படும். பரப்பின் இருமடங்கான 1200ஐ 30ஆல் வகுக்க மற்றைய மூலைவிட்டம் 40. இரண்டும் செங்குத்தாக ஒன்றையொன்று நடுவில் வெட்டுவதால், பாதிகளான 15, 20 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்ட 625; அதன் மூலம் 25. அதுவே பக்கம்.

பிரம்மகுப்தரைக் கணிதர் குழாத்தின் முடிமணி எனப் போற்றியவரும் இதே பாஸ்கரர் என்பது ஈண்டு நினையத்தக்கது. மதிப்பு அவர் வாயை அடைக்கவில்லை. மறுப்பு அம்மதிப்பைக் குறைக்கவுமில்லை. பிற்காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷை, வட்டத்துள் அமையும் நாற்கரத்திற்கு அவ்விதி பொருந்துமாற்றை நிறுவியது. பழைய விதி வீழவில்லை. தனக்குரிய எல்லையில் நிலைபெற்றது.

சீரும் தளையும் நிரம்பிய செய்யுளிலும் பொருள் குறைபட்டு நிற்கக் கூடும். ஓசையின் நிறைவைக் கண்டு பொருளின் குறையை மறவாதிருந்ததே பாஸ்கரரின் பெருமை. யாப்பறிந்தோர் அவரிடம் கற்கத்தக்கதும் அதுவே.