கேட்டதும் கேளாததும்

ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் கருத்துக் கேட்ட பின்னரும் ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளாமல் போக முடியுமா? முடியும் என்பதற்கு 1985இல் அமெரிக்காவில் கோக்கோ கோலா பட்ட பாடு சான்று. வணிகவியல் வகுப்புகளில் அலுத்துப்போகும் அளவுக்குச் சொல்லப்படும் கதைதான். ஆயினும் கேட்டல் என்னும் செயலின் வரலாறாக இதை வாசிக்க இடமிருக்கிறது.

1975 முதல் பெப்சி நிறுவனம் பெயர் மறைத்த கோப்பைகளை மக்களிடம் நீட்டி, எது சுவையானது என்று கேட்டது. பலர் பெப்சியையே சுட்டினர். கலங்கிய கோக்கோ கோலா, இனிப்புக் கூடிய புதிய கலவை ஒன்றை உருவாக்கி, 40 லட்சம் டாலர் செலவில் சோதித்தது. பெரும்பான்மையோர் அதையே விரும்பினர். 1985 ஏப்ரல் 23 அன்று நிறுவனத் தலைவர் ராபர்ட்டோ கொய்சுவேட்டா புதிய கோக்கை அறிவித்தார்; 1886இல் பிறந்த பழைய பானம் விடைபெற்றது.

இனி இதுதான் கோக் என்றால் குடிப்பீர்களா என்றும் சோதனையில் கேட்டிருந்தார்கள். 10 முதல் 12 விழுக்காட்டினர் சினந்தனர். தனித்தனியே கேட்டபோது இது சிறு எண். ஆனால் பலரை ஒருங்கே அமர்த்திப் பேசவிட்ட குழுக்களில் அந்தச் சிலரின் சினம் மற்றவர்களையும் தொற்றியது. நிறுவனமோ எண்ணிக்கையை நம்பியது, உரையாடலைப் புறந்தள்ளியது. என் பார்வையில் பிழை இங்கேதான். மனிதர் தனியே சுவைப்பவர் மட்டுமல்லர், கூடிப் பேசுபவரும் கூட. கோப்பையைப் பற்றிக் கேட்டவர்கள் இழப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

அதன்பின் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. நாளொன்றுக்கு 400 ஆக இருந்த அழைப்புகள் ஜூன் மாதத்தில் 1,500ஐ எட்டின. அவற்றைக் கேட்க அமர்த்தப்பட்ட மனநல மருத்துவர், சிலர் குடும்பத்தில் சாவு நேர்ந்ததுபோலப் பேசுவதாகச் சொன்னார். நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாம் உலகப் போரில், எந்தக் களத்தில் இருந்தாலும் படைவீரருக்கு ஐந்து சென்டுக்கு ஒரு புட்டி கிடைக்கும் என்று உறுதியளித்த நிறுவனம் இது. நினைவை விற்றவர்கள் நினைவுக்கும் செவிகொடுத்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவெனில், எதிர்ப்பை முன்னின்று நடத்திய சியாட்டில் நகரத்தவர் ஒருவர், பெயர் மறைத்த சோதனையில் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் தடுமாறினார். மேலும், பழைய கோக்கிலும் சர்க்கரையின் இடத்தை மக்காச்சோளப் பாகு பிடிக்கத் தொடங்கி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அதற்காக இப்படி யாரும் கொதித்தெழவில்லை. தமிழில் சுவை என்ற சொல் நாவோடு நிற்பதில்லை. மெய்ப்பாடுகளையும் சுவை என்றே உரையாசிரியர்கள் குறித்தனர். அந்தப் பொருளில்தான் அமெரிக்கர்கள் கோக்கைச் சுவைத்திருக்கிறார்கள் போலும்.

79 நாட்கள் கழித்து, ஜூலை 11 அன்று, பழைய பானம் 'கிளாசிக்' என்ற அடைமொழியோடு திரும்பியது. இரண்டே நாட்களில் 31,600 அழைப்புகள். இம்முறை நன்றி சொல்வதற்கு. எல்லாம் திட்டமிட்ட நாடகம் என்ற ஐயத்துக்கு, நாங்கள் அத்தனை மூடர்களுமல்லர், அத்தனை சாமர்த்தியசாலிகளுமல்லர் என்ற பொருள்பட நிறுவனத்தின் அன்றைய இரண்டாம் நிலைத் தலைவர் டொனால்டு கியோ விடையளித்தார்.

புதிய கலவை பின்னர் 'கோக் 2' என்று பெயர் மாறி 2002 வரை ஒதுக்குப்புறமாக விற்கப்பட்டது. பழையதன் புட்டியிலிருந்த 'கிளாசிக்' என்ற சொல்லையும் 2009இல் நீக்கத் தொடங்கினார்கள்.