கன்னக்கோலும் கடப்பாரையும்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருக்கோயிலின் பெருங்கதவுகள் முன் நிற்கும்போதெல்லாம் எங்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. உட்புறம் தாழிட்ட இத்தகைய கதவை, உள்ளே தீப்பற்றினால் எவ்வாறு திறப்பது? ஊரிலுள்ள விசைத்தறிக் கூடங்களின் இரும்பு ஷட்டர்களும் இதே வினாவை எழுப்புகின்றன.

பூட்டிய இடத்துள் நுழையும் கலையைப் பழைய இலக்கியம் அறியும். ஆனால் அங்கே நுழைபவன் கள்வன். மதுரைக்காஞ்சியில் உளியும் நூலேணியுமாக நள்ளிரவில் திரிகிறான். சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் வரும் சர்விலகனோ, சுவரில் எவ்வடிவில் துளையிடலாம் என ஒரு சிற்பியைப் போல ஆராய்கிறான். அளவுநூலை மறந்து வந்ததால் பூணூலாலேயே அளக்கிறான்! அவன் கைக்கருவிக்குத் தமிழில் கன்னக்கோல் என்று தனிப்பெயரே உண்டு. காக்க வருபவனின் கருவிக்கு அப்படியொரு பெயர் நம்மிடம் இல்லை. கடப்பாரை கிணறு வெட்டுபவருக்கும் பொது.

கள்வனின் இரும்பு காப்பவன் கைக்கு வந்த கதையொன்று நியூயார்க் தீயணைப்பு வீரர்களிடையே வழங்குகிறது. வங்கியொன்றைக் கொள்ளையடித்துத் தீவைத்தவர்கள் விட்டுச்சென்ற நெம்புகோலே அவர்களுடைய முதல் கதவுடைப்புக் கருவிக்கு முன்மாதிரியாம். கதை மெய்யோ பொய்யோ, அந்த மரபில் 1948இல் ஹியூ ஹாலிகன் என்னும் தீயணைப்பு அதிகாரி உருவாக்கிய கருவியே இன்று உலகெங்கும் வழங்குவது. ஒரு முனையில் கவை. மறுமுனையில் அகன்ற அலகும் கூர்மூக்கும். தம் அதிகாரியே ஆக்கியது என்பதால் நியூயார்க் துறை அதை வாங்கத் தயங்க, பாஸ்டன் நகரம் முந்திக்கொண்டது.

கருவியைவிட முறையே எங்களைக் கவர்ந்தது. உடைக்குமுன் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கதவு பூட்டப்படாமலே இருக்கலாம். புறங்கையால் சூடறிய வேண்டும். பிறகு ஒருவர் கவையைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே பொருத்திப் பிடிக்க, மற்றவர் கோடரியின் பின்புறத்தால் அடிப்பார். பிடித்திருப்பவர் சொன்னால்தான் அடி. தவறினால் நசுங்குவது அவர் கை. திறந்த கதவையும் விரிய விடலாகாது. உட்புகும் காற்று நெருப்புக்கு உணவு.

இம்முறைகள் எவையும் உதவாத இடமொன்று தமிழகத்திலேயே இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகை பற்றியெரிந்தது. மாண்டவர் 28 பேர். தடுத்தது கதவன்று; காலில் பூட்டிய சங்கிலி. சங்கிலி வெட்டும் கருவி இருந்தாலும், ஓலை எரியும் சில நிமிடங்களில் எத்தனை பேரை விடுவித்திருக்க முடியும்? சில நாட்களில் அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. மூன்றாண்டுகளுக்குள், 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அங்கும் ஓலைக்கூரை, வெளியேறக் குறுகலான படிக்கட்டு.

சங்கரன்கோவிலில் நாங்கள் தங்கும் நண்பர் வீட்டில், கள்வருக்கு அஞ்சிக் கம்பிக்கதவை இரவில் உட்புறம் பூட்டிச் சாவியை மாடி அலமாரியில் வைப்பது வழக்கம். இக்கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் அதைக் கவனித்தோம். சாவி இப்போது கதவருகே ஓர் ஆணியில், வெளியிலிருந்து நீளும் கைக்கு எட்டாத தொலைவில் தொங்குகிறது.