மனந்திரும்ப வேண்டிய மனமே நோயுறும்போது: மிதமிஞ்சிய குடியும் கிறிஸ்தவ அறநெறியும்

குடியைப் பற்றிய திருச்சபைப் போதனை பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகிறது. குடிப்பவர் முதலில் தம் பாவத்தை உணர வேண்டும். பிறகு மனந்திரும்ப வேண்டும். அதன்பின் விடுதலை கிடைக்கும். பிற பாவங்களுக்கு இவ்வரிசை பொருந்தலாம். நெடுநாள் மிதமிஞ்சிய குடிக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். உணரவும் வருந்தவும் முடிவெடுக்கவும் தேவையான திறன்களையே மது தாக்குகிறது. அத்திறன்கள் மீளும் முன் அவற்றின் பலனைக் கேட்பது, எலும்பு முறிந்தவரை எழுந்து நடந்துவந்து கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்வதற்கு ஒப்பானது.

நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி இதை வியக்கத்தக்க கூர்மையோடு கண்டிருக்கிறது. அங்கே வரும் குடிகாரன் இல்லாததைக் காண்கிறான்; அடிபட்டும் வலி அறியாதிருக்கிறான்; விழித்ததும் மீண்டும் மதுவையே தேடப்போவதாகச் சொல்கிறான். இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமானது. பட்டும் பாடம் கற்க முடியாதபடி அவன் அறிவின் வழி அடைபட்டுக் கிடக்கிறது. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் ‘காபா’ என்னும் வேதிப்பொருளின் செயலை மது மிகுவிக்கிறது. கிளர்ச்சியூட்டும் ‘குளூட்டமேட்’டின் செயலைக் குறைக்கிறது. நாள்தோறும் குடிக்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. பின்விளைவை எடைபோட்டு உந்துதலைத் தடுக்கும் நெற்றிப்பகுதி மூளை தளர்கிறது, பழக்கம் வலுக்கிறது. 1887இல் ரஷ்ய மருத்துவர் செர்கேய் கோர்சகோவ் விவரித்த நோய் இச்சீரழிவின் ஒரு கொடிய எல்லை. சரியான உணவின்மையாலும் மதுவினாலும் தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைந்து, நினைவுக்குரிய மூளைப் பகுதிகள் சேதமடைகின்றன. நோயாளி புதிய செய்தி எதையும் மனத்தில் இருத்த முடியாதவராகிறார். நினைவின் இடைவெளிகளை நடவாத நிகழ்ச்சிகளால் நிரப்பி, அவற்றை உண்மையென்றே நம்பிச் சொல்கிறார். அதைப் பொய் என்று கண்டிப்பது அநியாயம். பாவ அறிக்கைக்கு நினைவு வேண்டும். நேற்றுக் கொடுத்த வாக்கு இன்று நினைவில் இல்லாதவரிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி?

இப்படிச் சொன்னால் குடியை வெறும் நோயாக்கி மனிதனின் பொறுப்பைத் துடைத்துவிடுவதாகாதா என்பது முதல் மறுப்பு. பாவமா நோயா என்ற இந்த எதிர்நிலையைக் கிறிஸ்தவ மரபின் பெரும் ஆசிரியர்கள் ஏற்றதில்லை. அகுஸ்தீன் தம் அறிக்கைகள் நூலின் எட்டாம் புத்தகத்தில், கோணிய விருப்பம் இச்சையாகி, இச்சைக்குப் பணிவது பழக்கமாகி, எதிர்க்கப்படாத பழக்கம் தப்பமுடியாத கட்டாயமாவதை ஒரு சங்கிலியாகக் காட்டுகிறார். அவர் அங்கே பேசுவது குடியை அன்று. ஆயினும் குடிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் அரிது. சங்கிலியின் முதல் கண்ணியில் இருந்த சுதந்திரம் கடைசிக் கண்ணியில் இல்லை. தோமா அக்குவினாஸ் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார். அறிந்தே பகுத்தறிவின் பயனை இழப்பதில்தான் குடிவெறியின் குற்றம் இருக்கிறது. மதுவின் வலிமை அறியாமல் மயங்கியவருக்கு அக்குற்றம் இல்லை என்பது அவர் கருத்து. வெறியில் செய்த தீங்கின் குற்றம், அறிவு மறைந்திருந்த அளவுக்குக் குறையும் என்றும், அந்த வெறிக்குத் தானே காரணமானவர் முழுதும் தப்பமாட்டார் என்றும் அவர் சொல்கிறார். ஆகவே பொறுப்புக்குப் படிகள் உண்டு. முதல் கோப்பைக்கும் பத்தாண்டுக்குப் பிந்தைய கோப்பைக்கும் ஒரே தீர்ப்பு வழங்குவதுதான் மரபை மீறுவது. கானாவூர் திருமணத்தையும், தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்ன சிறிதளவு திராட்சை மதுவையும் சுட்டிக்காட்டுவோர் இந்த வாதத்தை மறுத்தவர் ஆகார். இங்கே பேசப்படுவது மதுவைத் தொடலாமா என்பதைப் பற்றியது அல்ல.

இறையருளுக்கு மூளையின் அனுமதி தேவையா என்ற மறுப்புதான் கனமானது. ஒரே நாளில் குடியை விட்டவர்களின் சாட்சிகள் உண்மையே. அவற்றை நான் ஐயுறவில்லை. ஆனால் வாக்கு மாம்சமானதை அறிக்கையிடும் சமயம், உடலை அருளின் பாதைக்கு வெளியே தள்ளிவிட முடியாது. நல்ல சமாரியன் முதலில் காயங்களைக் கட்டினான். விழுந்து கிடந்தவனிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இதை மறக்கும்போது உயிருக்கே ஆபத்து நேரும். பல ஆண்டு குடித்த உடல் திடீரென மதுவை இழந்தால் வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் மாயக்காட்சிகளும் கூடிய சன்னி கண்டு உயிரும் போகலாம். அப்படிப்பட்டவரை மருத்துவ மேற்பார்வை இல்லாமல் உபவாச ஜெபத்தில் அமர்த்துவது, ஏற்கெனவே தயமின் வற்றிய உடலைப் பட்டினி போடுவதுமாகும். அவர் காணும் மாயக்காட்சிகளைப் பேயென்று எண்ணி விரட்ட முனைந்தால், சிகிச்சைக்குரிய நேரம் வீணாகிவிடும்.

அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1935இல் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் குடிமீட்பு இயக்கம் ‘ஆக்ஸ்போர்டு குரூப்’ என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து கிளைத்தது. அதன் பன்னிரண்டு படிகளில் மதுவின் முன் தன் இயலாமையை ஒப்புக்கொள்வது முதலாவது. தவறுகளைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் அறிக்கையிடுவது ஐந்தாவது. அதே நகரில் புனித தோமா மருத்துவமனையின் சேர்க்கைப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, குடிநோயாளிகளைச் சேர்க்க மருத்துவமனைகள் தயங்கிய காலத்தில், இயக்கத்தின் நிறுவுநர்களில் ஒருவரான மருத்துவர் பாப் ஸ்மித்தோடு இணைந்து 1939 முதல் அவர்களுக்குப் படுக்கை கிடைக்கச் செய்தார். முதலில் சேர்த்தவரின் நோயை இரைப்பை அழற்சி என்று பதிவு செய்தார். படுக்கை முதலில், அறிக்கை பிறகு என்ற அந்த வரிசைக்கு இறையியல் நியாயம் உண்டு. மதுவை நிறுத்திய சில மாதங்களில் மூளையின் சுருக்கம் ஓரளவு மீள்வதைப் படிமச் சோதனைகள் காட்டுகின்றன. ஆயர் தம் கடினமான கேள்விகளை அந்த மாதங்களுக்கென ஒதுக்கிவைக்கலாம். முதல் வாரத்தில் அவர் செய்ய வேண்டியது நோயாளியை மருத்துவரிடம் சேர்ப்பதும், அடிவாங்கிக் களைத்த குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்தில் இருத்துவதும்தான்.