மண்வெட்டி ஏந்திய தொண்டர் படை

கோயில் எழுந்த வரலாறு, பங்குத் தந்தையர் வரிசை, சபைகளின் அறிக்கை ஆகியவற்றை இம்மலரில் மற்றவர்கள் எழுதியுள்ளார்கள். எமக்கு மலர்க் குழுவினர் அளித்த பொருள் சற்று வேறானது. வெள்ளத்தாலும் நிலநடுக்கத்தாலும் அழிந்த ஊர்களை மீண்டும் எழுப்பச் சென்ற தொண்டர் குழுக்களைப் பற்றி எழுதித் தருமாறு பணித்தார்கள்.

புயல் என்ற செய்தி வந்தவுடன் நம் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர்களும் திருப்பலி முடிந்து வருவோர் முன் கோயில் வாசலில் துண்டேந்தி நிற்பதை நாம் அறிவோம். அரிசி சேரும், துணி சேரும், பணமும் சேரும். அது நல்ல காரியமே. ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப் பேரலை வந்துபோன பின் நாகப்பட்டினக் கரையோரத்தில் பழைய துணி மூட்டைகள் எடுப்பாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. மூட்டை போகும் வேகத்தில் கைகள் போவதில்லை. கொடுப்பதற்கு அடுத்த படியான அந்தக் கை வேலையைத்தான் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டோம். இதற்கெனவே ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டவர் ஒருவர். அவர் ஐரோப்பாவிலிருந்து நம் நாட்டுப் பீகார் மாநிலம் வரை வந்து மண் சுமந்தவர் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

பியர் செரசோல் என்பது அவர் பெயர். 1879ல் லொசான் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகன் கணிதமும் பொறியியலும் கற்றார். தமக்கு வந்த பூர்வீகச் சொத்தை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ராணுவ வரி செலுத்த மாட்டேன் என்று மறுத்துச் சிறை சென்றார். இவர் பிரிந்த சகோதரர்களின் சபையைச் சேர்ந்தவர், நம் சபையினர் அல்லர். ஆயினும் இவருடைய வேலையில் நாம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

போர் முடிந்தது. பிரான்சு நாட்டில் வெர்தன் நகருக்கு அருகே எஸ்னே என்றொரு சிற்றூர். 1916ல் மாதக்கணக்கில் பீரங்கிக் குண்டுகள் விழுந்த நிலம் அது. வீடுகள் இருந்த இடத்தில் கற்குவியல். வயல்கள் இருந்த இடத்தில் பள்ளங்கள். 1920 நவம்பரில் செரசோல் ஒரு சிறு குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். எந்த நாட்டுப் படை அவ்வூரை இடித்ததோ, அந்த நாட்டு இளைஞர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். குளிர் காலம் முழுதும் கல் அகற்றினார்கள், குண்டுப் பள்ளங்களை மூடினார்கள், பலகை வீடுகள் கட்டினார்கள்.

அடுத்த வசந்தத்தில் அதிகாரிகள் தரப்பிலிருந்து நெருக்கடி வந்தது. ஜெர்மானியரை அனுப்பிவிட்டால் மற்றவர்கள் இருக்கலாம் என்பது நிலை. குழுவினர் அதற்கு இசையவில்லை. 1921 ஏப்ரலில் எல்லோரும் ஒன்றாகவே கிளம்பிப் போனார்கள்.

ஆறு மாதம்கூட நிறையாத வேலை. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. அதே சமயம், மறுத்தவர்கள் மீது குறை சொல்லவும் எமக்கு நா எழவில்லை. மகனைப் போரில் பறிகொடுத்த ஒரு தாய், ஐந்தே ஆண்டுகளுக்குள் ஜெர்மன் மொழி பேசும் ஒருவன் தன் வாசலில் கல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யார் கட்டளையிட முடியும்? உதவி செய்வதற்கு மனம் வேண்டுமென்று நாம் அடிக்கடிப் பிரசங்கத்தில் கேட்கிறோம். உதவியை ஏற்றுக்கொள்வதற்கும் மனம் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும்.

செரசோல் அதன்பின் போரை விட்டு இயற்கைச் சீற்றத்தின் பக்கம் திரும்பினார். பனிச் சரிவுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் எதிரி நாடு, நட்பு நாடு என்ற பேதம் இல்லையல்லவா? 1924ல் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் லெ சோர்மோன் என்ற இடத்திலும், மலைச்சரிவால் பாழான சொமேயோ என்ற கிராமத்திலும் தொண்டர்கள் வேலை செய்தார்கள். இப்பணிகளை ஒழுங்கு செய்ய முன்வந்தவர் செரசோலின் உடன்பிறந்தவரான எர்னஸ்ட். அவர் யார் தெரியுமா? சுவிஸ் ராணுவ அதிகாரி! ராணுவ வரி கொடாமல் சிறை சென்ற ஒருவரும், அந்த ராணுவத்திலேயே பணியாற்றிய ஒருவரும், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே முகாமில் நின்றார்கள். முகாமில் ராணுவத்துக்குரிய ஒழுங்கு இருந்தது. ஆனால் துப்பாக்கி இல்லை. ‘சொல் அன்று, செயலே’ என்பது அவர்களுடைய கொள்கை வாசகம். கூலிக்கு உழைப்போரின் வேலையைத் தொண்டர்கள் பறிக்கலாகாது என்ற விதியும் வைத்துக்கொண்டார்கள். ஊராரால் தாங்களாகச் செய்துகொள்ள முடியாத வேலைக்கு மட்டுமே போக வேண்டும் என்பது இதன் பொருள். இந்த விதி எமக்கு மிகவும் பிடித்தது. இலவசமாக உழைக்க வந்தவர் ஓர் ஏழைச் சித்தாளின் அன்றாடக் கூலியைக் கெடுத்துவிட்டுப் போனால் அது என்ன தொண்டு?

இவர்களின் பெரிய வேலை லீக்டன்ஸ்டைன் என்னும் நாட்டில் நடந்தது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் மிகச் சிறிய நாடு அது. 1927 செப்டம்பரில் ஷான் என்ற ஊருக்கு அருகே, ரயில் பாலத்தை ஒட்டி, ரைன் ஆற்றின் கரை உடைந்தது. வயல்கள்மீது கல்லும் மணலும் பரந்து படிந்தன. விதைக்க நிலம் இல்லை. 1928ல் பல நாடுகளிலிருந்தும் எழுநூறு பேருக்கு மேல் முறை வைத்து வந்து கல் பொறுக்கி, மணல் வாரி, நிலத்தை மீட்டுக் கொடுத்தார்கள். மாணவர், தொழிலாளர், ஆசிரியர் எனப் பலரும், பல சமயத்தாரும், சமயமே வேண்டாம் என்பாருங்கூட அவர்களிடையே இருந்தனர். பெண்களும் வந்தனர். ‘சகோதரிகள்’ என்று அவர்களை அழைத்து, சமையலையும் துணி துவைப்பதையும் கிழிந்ததைத் தைப்பதையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். உலக சகோதரத்துவம் பேசிய முகாமிலும் அடுப்படி பெண்களுக்கே! நம் மாதர் சங்கத்தார் இதைப் படித்துச் சிரிப்பார்கள் என்று எண்ணுகிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1934 ஜனவரி 15, பிற்பகல் இரண்டேகால் மணி அளவில் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் நகரம் தரைமட்டமாயிற்று. முசாபர்பூர், சீதாமரி, மோதிஹாரி பகுதிகளில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டு வந்தன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. விளைந்த வயல்களை மணல் மூடியது. சர்க்கரை ஆலைகள் இடிந்ததால் வெட்ட வேண்டிய கரும்பு வயலிலேயே நின்றது. நம் நாட்டில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேபாளத்தில் மாண்டவர் தனி. கைதியாக இருந்து நோயுற்று மருத்துவமனையில் கிடந்த பாபு இராஜேந்திர பிரசாத்தை அரசு இரண்டு நாளில் விடுதலை செய்தது. அவர் எழுந்து வந்து பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார்.

அச்சமயம் காந்தியடிகள் எங்கிருந்தார்? நம் தமிழ்நாட்டில், ஹரிஜன யாத்திரையில். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசும்போது, இந்த நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் விடுத்த தண்டனை என்று சொல்லிவிட்டார். இரவீந்திரநாத் தாகூர் இதை வன்மையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சியை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது அவருடைய வாதம். தாகூரின் மறுப்பைக் காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு, தம் கருத்தில் நின்றார். இருவருடைய நட்பும் குறையவில்லை.

தீண்டாமை பாவம் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் கோயில்களிலும் கல்லறைகளிலும் அந்தப் பாவம் குடிகொண்டிருந்த வரலாற்றை நாம் மறைக்க முடியாது. ஆயினும் இவ்வழக்கில் நாம் தாகூர் பக்கமே நிற்கிறோம். இடிபாட்டில் நசுங்கிய பீகார்க் குழந்தை எந்தத் தெருவில் யாரை விலக்கி வைத்தது? சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த பதினெட்டுப் பேர் மற்றவரினும் பாவிகளோ என்று நம் ஆண்டவர் கேட்ட கேள்வி நற்செய்தியில் இருக்கிறது. பேரழிவு நேர்ந்த ஊரில் காரணம் ஆராய்பவர் பலர். கூடை தூக்குபவர் சிலர்.

அப்படித் தூக்கியவர்களில் ஒருவர் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அவர் தூக்கியது மண்கூடை அன்று, கணக்குப் புத்தகம். லண்டனில் கணக்காயர் தேர்வு பெற்றவர் அவர். நிவாரணக் குழுவின் பணத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உணவுச் செலவு மூன்று அணாவுக்குமேல் போகக் கூடாது என்று அவர் வரையறுத்தார் என்றும், காந்தியடிகள் தம் பரிவாரத்தோடு பீகார் வந்தபோது அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத மறுத்துவிட்டார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. காந்தியடிகள் அதை ஏற்றுக்கொண்டார். பொதுப் பணத்தைக் கையாண்ட அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், ‘பெரியவர் வந்திருக்கிறார்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை கணக்குகள் வளைந்துகொடுக்கின்றன என்று. உண்டியல் காசு, அதுவும் விதவையின் காசு, எங்கே போயிற்று என்று கேட்பவருக்கு விடை சொல்லக் கூடிய ஒருவர் இருந்தால்தான் மண் சுமப்பவரின் உழைப்பும் நிற்கும்.

செரசோலுக்குக் காந்தியடிகள் புதியவர் அல்லர். 1931 டிசம்பரில் காந்தியடிகள் சுவிட்சர்லாந்து வந்தபோதே இருவரும் சந்தித்திருந்தனர். பீகார்ச் செய்தி கேட்டு 1934ல் கப்பலேறி வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நிவாரணக் குழுவின் தலைவர்களையும் ஆங்கிலேய அதிகாரிகளையும் கண்டு பேசினார். ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் அந்த அரசோடு மோதிக்கொண்டிருந்த காங்கிரஸ். இருவரோடும் சேர்ந்து வேலை செய்வேன் என்றார், செய்தும் காட்டினார்.

செய்ய வேண்டிய வேலை என்ன? நிலநடுக்கத்தால் தரைமட்டம் மாறிவிட்டது. ஆறுகளும் வாய்க்கால்களும் மணலால் தூர்ந்துவிட்டன. மழைக்காலம் வந்ததும், முன்பு வெள்ளம் எட்டாத கிராமங்களுக்குள் நீர் புகுந்தது. இடிந்த வீட்டை அதே இடத்தில் கட்டிப் பயனில்லை. ஊரையே மேட்டுக்கு மாற்ற வேண்டும். முசாபர்பூர்ப் பகுதியில் இவ்வேலை நடந்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போன செரசோல், ஜோ வில்கின்சன், ஃப்ரேசர் ஹாய்லண்ட், பால் ஷெங்கர் என்ற தோழர்களைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் வந்தார்.

எழுநூறு பேர் எங்கே, இந்த நால்வர் எங்கே! பீகார் வெயிலில் அவர்கள் சுமந்த மண், பழகிப்போன ஓர் உள்ளூர்த் தொழிலாளி சுமப்பதற்கு ஈடாகியிருக்காது. கப்பல் கட்டணத்தைப் பணமாக அனுப்பியிருந்தால் இன்னும் நாலு வீடு எழும்பியிருக்கும் என்று அன்றும் சிலர் கேட்டிருப்பார்கள், இன்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்நாளைய பீகாரை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மண்வெட்டியைத் தொட்டால் மதிப்புக் குறையும் என்றிருந்த காலம். மண் சுமப்பது இன்ன சாதியின் வேலை என்று பிறப்பிலேயே விதித்திருந்த காலம். வெள்ளைக்காரர் என்றால் குதிரைமேல் வரும் துரை என்றே கண்ட மக்கள். அவர்கள் நடுவே ஒரு நாட்டுத் தலைவரின் மகன், நரைத்த தலையில் சும்மாடு வைத்துக் கூடையேற்றி, அவர்களோடு வரிசையில் நடந்தார். திருநெல்வேலியில் காந்தியடிகள் எதைப் பாவம் என்றாரோ, அதற்கு எதிராக இதைவிட நல்ல பிரசங்கம் இருந்திருக்க முடியாது.

வேலை ஆமை வேகத்தில்தான் நடந்தது. நில உரிமைச் சிக்கல், மழை, காய்ச்சல், மொழி தெரியாத இடர் எல்லாம் உண்டு. செரசோல் இடையிடையே தாயகம் போய்ப் போய் வந்தார். செய்தித்தாள்கள் பீகாரை மறந்து வேறு செய்திகளுக்குப் போய்விட்ட பின்பும் அவர்கள் அங்கே இருந்தார்கள். 1937 வரை வேலை நீடித்தது. மேட்டு நிலத்தில் எழுந்த புது ஊர்களில் ஒன்றுக்குச் சாந்திப்பூர் என்று பெயரிட்டார்கள்.

ஊர் திரும்பிய செரசோல் இரண்டாம் உலகப் போரின்போது அனுமதியின்றி ஜெர்மன் எல்லையைக் கடந்து மறுபடியும் சிறைப்பட்டார். உடல் நலிந்து 1945 அக்டோபரில் மறைந்தார். அவருடைய இயக்கம் இந்தியாவை மறந்துவிடவில்லை. 1950ல் தில்லிக்கு அருகே ஃபரிதாபாத்தில், நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தோருக்காக நடந்த கட்டட வேலையில் அதன் தொண்டர்கள் மீண்டும் மண்வெட்டி பிடித்தார்கள். இம்முறை நம் நாட்டு இளைஞர்களும் அவர்களோடு நின்றார்கள்.