மொழி மாதிரி நுண்பயிற்சியும் தொகுதிப் பணிகளும்: ஏபிஐ வழி நிர்வாகம்

பெரிய மொழி மாதிரியை நம் கணினியில் இயக்காமல், அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வருக்கு நிரல் மூலம் ஆணை அனுப்பி வேலை வாங்கும் வாசலே ஏபிஐ. கேட்டதும் பதில் வரும் உரையாடல் இந்த வாசலின் ஒரு பயன். ஆணையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய நீண்ட பணிகள் இன்னொரு வகை. ஒரு மாதிரிக்குக் குறிப்பிட்ட வேலையைப் பழக்கும் நுண்பயிற்சியும் (ஃபைன்-டியூனிங்), ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை ஒரே கோப்பில் கட்டி அனுப்பும் தொகுதிப் பணியும் (பேட்ச்) இவ்வகையில் முதன்மையானவை.

இந்த வாசல் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தென்மேற்குக் கரையிலுள்ள பொந்தியான் மாவட்டம் பெக்கான் நனாஸ் அன்னாசிக்கும் குக்குப் மீன்பிடிக் கிராமத்துக்கும் பெயர்போனது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயும் இங்கேதான் உள்ளது. கணினித் துறையில் பொந்தியானின் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. ஆனால் தரவு மையங்களுக்கு மின்சாரம் வேண்டும்; இதே மாவட்டத்தின் தஞ்சோங் பின்னில் 2,100 மெகாவாட், 1,000 மெகாவாட் திறனுள்ள இரு நிலக்கரி மின்நிலையங்கள் இயங்குகின்றன. சிங்கப்பூர் 2019 முதல் 2022 தொடக்கம் வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தபோது முதலீடு நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு வந்தது. பக்கத்துக் கூலாய் மாவட்டத்தின் செடெனாக்கில் தரவு மையங்கள் வரிசையாக எழுந்தன. இவையெல்லாம் அருகில் இருப்பதால் பொந்தியான் கெச்சில் நகரில் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தச் சலுகையும் கிடைத்துவிடாது. அவர் அனுப்பும் வேலை எந்த நாட்டில் நடக்கிறது என்பதுகூடப் பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் மாதிரிகளை இயக்கும் ஜிபியு சில்லுகளை வாங்க வசதி இல்லாத அவரும் கோலாலம்பூர் நிறுவனம் செய்யும் அதே வேலையை அதே விலைக்குச் செய்ய முடியும். ஏபிஐ வந்ததால் உண்மையில் மாறியது இதுதான்.

நுண்பயிற்சிப் பணி

பயிற்சி எடுத்துக்காட்டுகள் ஜேசன்-எல் எனப்படும் உரைக்கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதப்படுகின்றன. ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வியும் அதற்கு எதிர்பார்க்கப்படும் பதிலும் இருக்கும். கோப்பைப் பதிவேற்றியதும் அதற்கு ஓர் அடையாளக் குறி கிடைக்கும். அந்தக் குறியையும் அடிப்படை மாதிரியின் பெயரையும், கோப்பை எத்தனை முறை படிக்கவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்பினால் பணி வரிசையில் நிற்கும். பிறகு கோப்புச் சரிபார்ப்பு, காத்திருப்பு, ஓட்டம், வெற்றி அல்லது தோல்வி என்று நிலை மாறிக்கொண்டே போகும். நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிலையை விசாரித்தால் போதும். நொடிக்கு நொடி விசாரிக்கும் நிரல் அளவு மீறியதற்காகத் தடுக்கப்படலாம். ஓபன்ஏஐ நிறுவனம் குறைந்தது 10 எடுத்துக்காட்டுகளைக் கேட்டது. தரம் கூடியதா என்று தெரிய அந்த எண்ணிக்கை போதாது. பயிற்சியில் சேர்க்காத எடுத்துக்காட்டுகளைத் தனிக் கோப்பில் வைத்துச் சோதிக்காவிட்டால், மாதிரி கற்றுக்கொண்டதா, மனப்பாடம் செய்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

தமிழ்ப் பணிகளில் தொல்லை பெரும்பாலும் கோப்பிலேயே தொடங்குகிறது. 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்திரத்துக்கோ அவை வெவ்வேறு. கோப்பு முழுவதையும் என்எஃப்சி எனப்படும் சீரான ஒருங்குறி வடிவத்துக்கு மாற்றிய பிறகே பதிவேற்ற வேண்டும். மலேசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980களிலேயே தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒருங்குறிக்கு முன்பே இங்கே தமிழ் ஆவணங்கள் குவிந்தது பெருமைக்குரியதுதான். ஆனால் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் கிடக்கும் கோயில் மலரையோ சங்க அறிக்கையையோ மாற்றாமல் பயிற்சிக்குக் கொடுத்தால், மாதிரி குப்பையைத்தான் படிக்கும். பணியின் நிலை அப்போதும் 'வெற்றி' என்றே காட்டும்.

தொகுதிப் பணி

ஓபன்ஏஐ 2024 ஏப்ரலில் தொகுதி ஏபிஐயைத் திறந்தது. ஆந்த்ரோபிக் அதே ஆண்டு அக்டோபரிலும் கூகுள் தன் ஜெமினி ஏபிஐயில் 2025இலும் இதே போன்ற சேவையைத் தந்தன. மூன்றிலும் பேரம் ஒன்றுதான்: பதிலுக்கு 24 மணி நேரம் வரை பொறுத்தால் கட்டணம் பாதி. நெரிசல் இல்லாத வேளையில் சும்மா நிற்கும் எந்திரங்களை நிறுவனம் இப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது. ஓபன்ஏஐயில் ஒரு கோப்பில் 50,000 கோரிக்கைகள் வரை கட்டலாம். பழைய தமிழ் நாளிதழ்ப் பக்கங்களை ஸ்கேன் செய்து கிடைத்த உரையில் எழுத்துப்பிழை திருத்துவது, தேர்வு வினாக்களைத் தலைப்புவாரியாகப் பிரிப்பது போன்ற வேலைகளுக்கு யாரும் திரை முன் காத்திருப்பதில்லை. இவற்றுக்கு முழுக் கட்டணம் கொடுப்பது வீண்.

விடைகள் கேட்ட வரிசையில் திரும்பி வரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் பயனர் தாமே ஓர் அடையாளப் பெயர் கொடுக்க வேண்டும். '1936-july-page-3' போன்ற பெயர் வெறும் எண்ணைவிட நல்லது. தோல்வியுற்ற கோரிக்கைகளைத் தனியே பிரித்து அவற்றை மட்டும் மறுபடி அனுப்பலாம். கெடுவுக்குள் முடியாதவை காலாவதி ஆகும், முடிந்தவற்றுக்கு மட்டுமே கட்டணம். புதியவர்களின் பணத்தைத் தின்னும் தவறு வேறு. இணையம் அறுந்ததும் பணி போய்ச் சேரவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பினால் ஒரே வேலை இரண்டு முறை ஓடும். பணியின் குறி கிடைத்த மறுகணமே நிரல் அதை வட்டில் எழுதிவைக்க வேண்டும். மறுபடி அனுப்புவதற்கு முன் சர்வரிலுள்ள பணிப்பட்டியலையும் பார்க்க வேண்டும்.

கட்டணம் டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு) கணக்கில் விதிக்கப்படுகிறது, அங்கே தமிழ் நெடுங்காலம் தண்டம் கட்டியது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த டோக்கன் பிரிப்பான்கள் தமிழ்ச் சொற்களைத் துண்டுதுண்டாக வெட்டின. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது ஓபன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 டோக்கன் பிடித்த தமிழ் உரை புதிய பிரிப்பானில் 35க்கு இறங்கியது. தொகுதித் தள்ளுபடியைவிடப் பெரிய விலைக்குறைப்பு இது. 

வாடகையும் சொந்தமும்

ஏபிஐ வழி நுண்பயிற்சியில் பிறக்கும் மாதிரி பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே தங்கிவிடும், பயனரால் இறக்கிக்கொள்ள முடியாது. இதற்கு மாற்று திறந்த மாதிரிகள். அபினந்த் பாலச்சந்திரன் 2023 நவம்பரில் வெளியிட்ட தமிழ்-லாமா, மெட்டாவின் லாமா 2 மாதிரியில் 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்துப் பழக்கப்பட்டது. மாதிரியின் எடைகள் முழுவதையும் மாற்றாமல் சிறிய கூடுதல் அடுக்குகளை மட்டும் பயிற்றும் லோரா முறையை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2021இல் முன்வைத்திருந்தனர். பெரிய ஆய்வகம் இல்லாமலே தமிழ்-லாமா உருவாகக் கைகொடுத்தது அந்த முறைதான். நீரிணைக்கு அப்பால் ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் மாதிரி, தமிழையும் தென்கிழக்காசிய மொழிகளில் ஒன்றாகக் கணக்கிட்டுப் பழக்கப்பட்டது. மலேசியத் தமிழைக் கையாள விரும்புவோர் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பதிவேற்றும் கோப்பு வெளிநாட்டு சர்வருக்குச் செல்லக்கூடும். வணிகம் தொடர்பான தனிநபர் விவரங்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 129ஆம் பிரிவு நிபந்தனைகள் விதிக்கிறது. வாடிக்கையாளர் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிவிட்டே கோப்பைக் கட்ட வேண்டும்.

வாடகை மாதிரிக்கு ஆயுள் உண்டு. ஓபன்ஏஐ 2024 ஜனவரி 4 அன்று ஏடா, பாபேஜ், கியூரி, டாவின்சி ஆகிய பழைய அடிப்படை மாதிரிகளை நிறுத்தியது. அவற்றின் மேல் பயனர்கள் காசு கொடுத்துப் பழக்கியவையும் அன்றோடு நின்றன. பயிற்சிக் கோப்பைத் தம்மிடம் வைத்திருந்தவர்கள் புதிய மாதிரியில் மறுபடி பழக்கிக்கொள்ள முடிந்தது. ஆகவே மாதிரியைவிடக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்.