ரயில் முக்கோணத்துக்கு நடுவுல ஒரு ஆறுவழிச் சாலை

ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து உலகம் பூரா கார் போகுது, செல்போன் போகுது. ஆனா அந்த ஊருக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ஒரகடத்துக்கும் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் எதுக்குமே கிடையாது. ஏன்னு தேடிப் போனா 170 வருஷக் கதை. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

ஒரு பேப்பர்ல முக்கோணம் வரைங்க. ஒரு மூலையில சென்னை, மேற்கே அரக்கோணம், தெற்கே செங்கல்பட்டு. மூணு பக்கமும் ரயில் பாதை. நான் மேலே சொன்ன ஊர் எல்லாம் அந்த முக்கோணத்துக்கு உள்ளே மாட்டிக்கிட்டு இருக்கு.

முதல் பக்கம் வந்தது 1856 ஜூலை 1. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அது திருவள்ளூர், அரக்கோணம் வழியா வடக்கே வளைஞ்சு போயிடுச்சு. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியா போற பழைய பெங்களூரு சாலையைத் தொடவே இல்லை.

இரண்டாவது பக்கம் அரக்கோணம் – காஞ்சிபுரம், 1865. போட்டது இந்தியன் டிராம்வே கம்பெனி. பின்னாடி அது வாலாஜாபாத் வழியா செங்கல்பட்டோட சேர்ந்தது. மூணாவது பக்கம் சென்னை – செங்கல்பட்டு மீட்டர்கேஜ், 1870களில். 1931லேயே கடற்கரை – தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு. இப்போ 2019ல இருந்து இந்த மூணு பக்கத்தையும் ஒரே சுற்றா சுத்தி வர்ற புறநகர் ரயில் கூட இருக்கு. சுத்திதான் வரும், உள்ளே வராது!

யாரும் சதி பண்ணி ஒதுக்கினதா எனக்குத் தோணலை. அன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர், சுத்தி ஏரியும் வயலும். ரயிலை இழுக்கிற அளவுக்கு சரக்கு இருந்திருக்காது.

மூணாவது பக்கத்தைக் கொஞ்சம் கவனிங்க. தாம்பரம் தாண்டினா ஜிஎஸ்டி ரோடும் தண்டவாளமும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டியே போகும். வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில். அந்தப் பக்கம் ஃபேக்டரி வந்தப்போ வேலைக்குப் போறவங்களுக்கு மின்சார ரயில் ஏற்கனவே தயாரா இருந்தது. மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்கு பரனூர் ஸ்டேஷன்.

முக்கோணத்துக்கு உள்ளே வந்தவங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1998ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ தயாரிக்க ஆரம்பிச்சது. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா (2014ல மூடிட்டாங்க, அது தனி சோகம்). ஒரகடத்தில் 2010ல ரெனோ-நிசான், 2012ல டைம்லர், 2013ல ராயல் என்ஃபீல்டு. எல்லாரையும் சுமந்தது சாலை மட்டும்தான்.

தங்க நாற்கரத் திட்டத்தில் பெங்களூரு நெடுஞ்சாலை நாலுவழி ஆச்சு. அப்புறம் மாநில அரசு இரண்டு சாலைகளை அகலப்படுத்த ஆரம்பிச்சது. ஒண்ணு சிங்கப்பெருமாள் கோவில் – ஸ்ரீபெரும்புதூர், சுமார் 25 கி.மீ. இன்னொண்ணு வண்டலூர் – வாலாஜாபாத். இரண்டும் வெட்டிக்கிற இடம்தான் ஒரகடம் ஜங்ஷன்.

இதுல ஒரு வேடிக்கை. ஆறுவழிச் சாலையில பறந்து வந்த கன்டெய்னர் லாரி எல்லாம் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்ல வந்து நின்னுச்சு. மேம்பால வேலை வருஷக்கணக்கா இழுத்தது. அந்தச் சாலைக்கும் ரயிலுக்கும் இருந்த ஒரே உறவு, மூடின கேட்!

ரயில் பத்தி யாரும் யோசிக்கலையா? யோசிச்சாங்க. ஆவடி – ஸ்ரீபெரும்புதூர் – கூடுவாஞ்சேரி புதிய பாதை, சுமார் 60 கி.மீ., 2013-14 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. முக்கோணத்தை நடுவுல கிழிச்சுக்கிட்டு போற பாதை. இன்னைக்கு வரை அதுல ஒரு ரயில் ஓடலை.

வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பாருங்க. 62 கி.மீ. நீளம், 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தாங்க. பின்னாடி ரயில் விட அதுலேயே இடம் ஒதுக்கினாங்க. முதல் பகுதி 2014ல, மீதி 2021ல திறந்தாச்சு. ரயிலுக்கான இடம் அப்படியே கிடக்கு. சிகாகோவில் 1958லேயே காங்கிரஸ் எக்ஸ்பிரஸ்வே நடுவுல ரயில் ஓட்டிட்டாங்க. அங்கே சாலையையும் தண்டவாளத்தையும் ஒண்ணாவே திட்டமிட்டாங்க. நாம இடத்தை விட்டுட்டு காத்திருக்கோம்.

இதுல என்னை ரொம்ப உறுத்துறது வாலாஜாபாத். இங்கே தயாராகிற கார்கள் அந்த ஸ்டேஷனுக்குப் போய், கார் ஏத்துற தனி வேகன்ல ஏறி வட இந்தியாவுக்குப் போகுது. காருக்கு ரயில் இருக்கு. காரைச் செஞ்சவருக்கு பைக்!

"உனக்கு ஏன்யா இவ்வளவு அக்கறை, நீ டாக்டர்தானே?"ன்னு கேப்பீங்க. சொல்றேன். நைட் ஷிஃப்ட் முடிச்சவர் கம்பெனி பஸ்லயோ ரயில்லயோ தூங்கிட்டே வீட்டுக்குப் போகலாம். பைக்ல தூங்க முடியாது, ஆனா தூக்கம் வரும். 17 மணி நேரம் தொடர்ந்து விழிச்சிருந்தா கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருக்கிறவர் அளவுக்குக் குறையுதுன்னு 1997லேயே ஆய்வு வந்தாச்சு. நம்ம ஊர் சட்ட வரம்பு 0.03%. அதாவது ஒரு சொட்டு குடிக்காதவரும் விடியற்காலையில வரம்பைத் தாண்டின நிலையில, ட்ரெய்லர் லாரிக்குப் பக்கத்துல வண்டி ஓட்டுறார். ஊதச் சொன்னா மெஷின் ஜீரோ காட்டும். எமர்ஜென்சிக்கு வர்ற தலைக்காயத்துல எத்தனை இப்படின்னு கேஸ் ஷீட்ல எழுத ஒரு காலம் கூட இல்லை. "ஸ்கிட் ஆகி விழுந்தார்"னு எழுதுவோம்.

ரயில் வராததுக்கு ஃபேக்டரிகள் கண்டுபிடிச்ச மாற்று, விடுதி. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களோட விடுதியில சாப்பாடு நஞ்சாகி நூத்துக்கும் மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தப்போ, தோழிகள் நியாயம் கேட்டு உட்கார்ந்த இடமும் இதே பெங்களூரு நெடுஞ்சாலைதான். அப்புறம் 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 படுக்கையோட சிப்காட் குடியிருப்பு திறந்தாங்க. நல்ல விஷயம், மறுக்கலை. ஆனா அது தனியா வந்து தங்கி வேலை பார்க்கிற பெண்களுக்கு. குடும்பத்தோட இருக்கிறவர் தினமும் வந்துதான் போகணும்.

இப்போ பூந்தமல்லியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியா பரந்தூர் வரை மெட்ரோ நீட்டிக்க திட்டம் இருக்கு. 52 கி.மீ.க்கு மேல. வந்தா முக்கோணத்துக்கு உள்ளே நுழையுற முதல் பயணிகள் தண்டவாளம் அதுவா இருக்கலாம். ஒரகடம் அந்த வழியில இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல இறங்கினா அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. பஸ் இருந்தா பஸ், இல்லைன்னா ஷேர் ஆட்டோ.