செடியில் யார் பெயர்?

நாம் தாளிக்கப் போடும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது: கோனிக். லின்னேயஸின் மாணவரான இந்த மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குப் பின் ராட்லர், க்ளைன் முதலிய மிஷனரிகளும் செடிகளைச் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். செடிக்கு நண்பரின் பெயரைச் சூட்டுவது அந்த வட்டத்தின் வழக்கம்.

1828இல் ராபர்ட் வைட் நாகப்பட்டினத்தில் கம்பெனிப் படையின் மருத்துவர். அங்கிருந்து கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு உலர்த்திய செடிகளையும் படங்களையும் அனுப்பினார். 1831இல் விடுப்பில் ஸ்காட்லாந்து திரும்பியபோது சுமார் 1,00,000 செடி மாதிரிகள் உடன் சென்றன. எடை 2 டன். நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து, 1834இல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். ராட்லர், க்ளைன் சேர்த்த மாதிரிகளும் அதற்குப் பயன்பட்டன. யார் அனுப்பிய செடி எது என்பதை நண்பர்கள் கவனமாகப் பதிந்தார்கள்.

ஆனால் 2 டன் செடியை ஒரே ஆள் பறித்திருக்க முடியுமா? வைட் சம்பளத்துக்கு ஆள் வைத்துத்தான் சேகரித்தார். பறித்த செடியைத் தாள்களுக்கிடையே வைத்து, ஈரத்தாளை மாற்றி மாற்றி, பூச்சி அரிக்காமல் காப்பது முழுக்க உடலுழைப்பு. ஒட்டிய சீட்டில் இருப்பதோ வைட்டின் பெயர்.

அவரிடம் வேலை செய்த ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்களின் பெயர்கள் மட்டும் தப்பின. 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். அந்தப் பேரினம் பின்னர் வேறொன்றோடு சேர்க்கப்பட்டதால், இன்று அந்தப் பெயரும் புழக்கத்தில் இல்லை.

வைட் செடி தேடிய காலத்தில் தஞ்சை வயல்களில் பள்ளரும் பறையரும் பண்ணையடிமைகள். அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பு 1843இல்தான் நீங்கியது. எது நாற்று, எது களை, எது கீரை, எது மருந்து என்பது அவர்களுக்குத் தினசரிப் பாடம். அதைப் படிப்பு என்று யாரும் எண்ணவில்லை. நண்பர்களுக்குள் அத்தனை நேர்மையாக இருந்த நன்றியுணர்வு, சமமாக மதிக்கப்பட்டவர்களோடு நின்றுவிட்டது.

இது பழங்கதை இல்லை, தோழர்களே. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். சேரியில் களை பறிக்கும் அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால், அவர் பெயரை எழுதினார்களா?